28-இல் 5 என்றால் என்ன பொருள்?

மருத்துவம்: வாசகர் கேள்வி - பதில்

இரைப்பைப் புற்றுநோயில் நிணநீர் முடிச்சுகளைப் பற்றி அண்மையில் வந்த கேள்விகளைத் தொகுத்து இந்த இதழில் விடை தருகிறோம். பதில் எழுதுபவர், அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் உறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராயும் நோய்க்குறியியல் மருத்துவர்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்த புற்றுநோய்க்காக இரண்டு வாரங்களுக்கு முன்பு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்பு கீமோ எதுவும் தரப்படவில்லை. பரிசோதனை அறிக்கையில் 'டி-3, என்-2, 5/28' என்று எழுதியிருக்கிறது. மூன்றாம் நிலை என்று சொன்னார்கள். இந்த நிலையில் ஐந்து ஆண்டுகள் உயிர் வாழும் வாய்ப்பு 54 சதவீதம் என்று இணையத்தில் படித்த நாள் முதல் எங்கள் வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. அந்த 5/28 எதைக் குறிக்கிறது? அந்த 54-ஐ நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: அறுவை மருத்துவர் இரைப்பையை மட்டும் தனியே எடுப்பதில்லை, அதைச் சுற்றியும், அதற்கு வரும் இரத்தக் குழாய்களை ஒட்டியும் உள்ள கொழுப்புத் திசுவையும் சேர்த்தே அகற்றுகிறார். நிணநீர் முடிச்சுகள் அந்தக் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கின்றன. காலில் புண் வந்தால் 'நெறி கட்டியிருக்கிறது' என்று தொடையிடுக்கில் தொட்டுப் பார்த்துச் சொல்கிறோமே, அதே வகை முடிச்சுகள்தாம் இவையும். ஆனால் பல கடுகைவிடச் சற்றே பெரியவை. விரல் நுனியால் கொழுப்பை அழுத்தித் தடவித் தேடி, ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறோம். உங்கள் தந்தையின் அறிக்கையில் 28 என்பது அவ்வாறு தேடிக் கண்டெடுத்த முடிச்சுகளின் எண்ணிக்கை. 5 என்பது அவற்றுள் புற்றுச் செல்கள் காணப்பட்டவற்றின் எண்ணிக்கை.

'டி' என்பது இரைப்பைச் சுவரில் நோய் எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்பதைச் சொல்கிறது. 'டி-3' என்றால் தசை அடுக்கைக் கடந்து வெளியுறையின் உட்புறம் வரை வந்திருக்கிறது, உறையை இன்னும் கிழிக்கவில்லை என்று பொருள். 'என்' என்பது முடிச்சுக் கணக்கு: 1 அல்லது 2 முடிச்சுகளில் நோய் இருந்தால் என்-1, 3 முதல் 6 வரை என்-2, 7 முதல் 15 வரை என்-3ஏ, 16-உம் அதற்கு மேலும் என்-3பி. டி-3-உம் என்-2-உம் சேரும்போது, தொலைவான உறுப்புகளில் பரவல் இல்லையென்றால், அது மூன்றாம் நிலையின் முதற்பிரிவான 3ஏ ஆகிறது.

ஆழத்தைப் போலவே முடிச்சுகளுக்கும் ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்கலாம். உறுப்பைக் குடைந்து ஆழமாவது ஒரு திறன். பிறந்த இடத்தை விட்டுப் பிரிந்து, நிணநீரில் மிதந்து சென்று, எதிர்ப்பாற்றல் செல்கள் குவிந்திருக்கும் ஒரு முடிச்சுக்குள்ளேயே குடியேறிப் பெருகுவது வேறொரு திறன். இந்த இரண்டாவது திறனை அந்நோய் பெற்றுவிட்டது என்பதற்கு நம் கையில் கிடைக்கும் நேரடிச் சான்று முடிச்சுதான். நோய் கண்ட முடிச்சுகள் கூடக் கூட, கண்ணுக்குத் தெரியாத செல்கள் வேறெங்கேனும் போய்ச் சேர்ந்திருக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

இனி அந்த 54-க்கு வருவோம். இப்போது வழக்கில் உள்ள நிலைப்பகுப்பின் 8-ஆம் பதிப்புக்கு அடிப்படையானது, 15 நாடுகளைச் சேர்ந்த 25,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜப்பானையும் கொரியாவையும் சேர்ந்தவர்கள். அதன்படி ஐந்தாண்டு உயிர்வாழ்வு 1ஏ நிலையில் 93.6 சதவீதம், 1பி-யில் 88, 2ஏ-யில் 81.8, 2பி-யில் 68, 3ஏ-யில் 54.2, 3பி-யில் 36.2, 3சி-யில் 17.9. நீங்கள் படித்த எண் சரியான எண்தான். ஆனால் அது 3ஏ என்ற பெட்டிக்குள் அடங்கிய அத்தனை பேருக்கும் பொதுவான எண். அந்தப் பெட்டியில் 3 முடிச்சு உள்ளவரும் இருக்கிறார், 6 முடிச்சு உள்ளவரும் இருக்கிறார். 45 வயதுக்காரரும் இருக்கிறார், இதய நோயோடு வந்த 80 வயதுக்காரரும் இருக்கிறார். நூறு பேரில் 54 பேர் ஐந்தாண்டைக் கடந்தார்கள் என்று சொல்லும் அட்டவணைக்கு, அந்த 54 பேர் யார் யார் என்று சொல்லும் ஆற்றல் கிடையாது. உங்கள் தந்தை பாதி உயிரோடு இருக்கப்போவதில்லை; அவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முழுதாகத்தான் இருப்பார். இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சதவீதத்தை ஒரு தனிமனிதரின் மீது ஒட்டவைக்கும்போது ஏற்படும் குழப்பத்தை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மேலும், அந்த அட்டவணையில் இருப்பவர்கள் 2000-களின் தொடக்கத்தில் அறுவை செய்துகொண்டவர்கள். முழுமையான முடிச்சு நீக்கத்துக்குப் பின் கீமோ தருவதால் பயன் உண்டு என்பது அதற்குப் பிறகே பெரிய ஆய்வுகளால் உறுதியானது. இரண்டாம், மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு 'எஸ்-1' என்னும் மாத்திரையை ஓராண்டு கொடுத்த ஜப்பானிய ஆய்வில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 61.1-இலிருந்து 71.7 சதவீதமாக உயர்ந்தது. கேப்சிடபைன், ஆக்சாலிபிளாட்டின் ஆகிய இரண்டையும் ஆறு மாதங்கள் கொடுத்த 'கிளாசிக்' ஆய்வில் 69-இலிருந்து 78 ஆனது. எனவே இப்போது நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை சதவீதம்?' என்பதைவிட, 'கீமோ எப்போது தொடங்குகிறோம், எந்த மருந்து?' என்பதாக இருக்கட்டும். உடல் தேறியதும் சில வாரங்களுக்குள் அது தொடங்கப்பட வேண்டும்.

கேள்வி: என் அக்காவின் அறிக்கையில் 2/9 என்று இருக்கிறது. இரண்டு முடிச்சுகளில்தான் நோய் என்பதால் என்-1 என்கிறார்கள். ஐந்து, ஆறு என்று உள்ளவர்களைவிட அக்காவின் நிலை நல்லது என்று நாங்கள் நிம்மதி கொள்ளலாமா?

பதில்: நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனமில்லை, ஆனால் இந்த 2-ஐவிட அதன் கீழே இருக்கும் 9 என்ற எண்தான் என்னைத் தயங்க வைக்கிறது. இரைப்பைப் புற்றுநோயில் குறைந்தது 16 முடிச்சுகளையாவது ஆராய வேண்டும், 30-க்கு மேல் ஆராய்ந்தால் இன்னும் நல்லது என்பது நடைமுறைப் பரிந்துரை. 9 முடிச்சுகளை மட்டும் பார்த்துவிட்டு 2-இல் நோய் என்று எழுதும்போது, பார்க்கப்படாத முடிச்சுகளில் என்ன இருந்தது என்பது அறிக்கைக்கு வெளியே நின்றுவிடுகிறது. 35 முடிச்சுகளைப் பார்த்து அவற்றில் 2-இல் மட்டும் நோய் இருந்தால், 33 முடிச்சுகள் தூய்மையாக இருந்தன என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டுமே என்-1 என்ற ஒரே பெயரைத்தான் பெறுகின்றன.

இதனால் ஒரு விசித்திரமும் நேர்கிறது. முன்பு குறைவாகத் தேடிய ஓர் ஆய்வகம் இப்போது முனைந்து தேடத் தொடங்கினால், இதுவரை என்-1 என்று எழுதப்பட்டிருக்கக்கூடியவர்களில் சிலர் என்-2 ஆகிவிடுகிறார்கள். என்-1 குழுவிலிருந்து சற்றுத் தீவிரமானவர்கள் வெளியேறுவதால் அக்குழுவின் சராசரி உயர்கிறது. அவர்கள் போய்ச் சேரும் என்-2 குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களைவிட அவர்கள் நல்ல நிலையில் இருப்பதால் அதன் சராசரியும் உயர்கிறது. ஒருவருடைய ஆயுளும் ஒரு நாள்கூட நீளவில்லை. ஆனால் இரண்டு குழுக்களின் புள்ளிவிவரமும் மேம்பட்டுவிட்டது! வில் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவையாளர் மக்கள் இடப்பெயர்வைப் பற்றிச் சொன்னதாக வழங்கும் ஒரு வேடிக்கைப் பேச்சை நினைவுகூர்ந்து, 1985-இல் மருத்துவ ஆய்வாளர்கள் இதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். வெவ்வேறு மருத்துவமனைகளின் முடிவுகளை ஒப்பிட்டுப் படிக்கும் எவரும் இதை மறக்கக் கூடாது.

இந்தக் குறையை ஈடுகட்டவே, நோய் கண்ட முடிச்சுகளை ஆராய்ந்த மொத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தைப் பல ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். உங்கள் அக்காவுக்கு அது 22 சதவீதம். முந்தைய கேள்வியில் கண்ட 5/28-க்கு 18 சதவீதம்தான். விகிதத்தின்படி பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. எனினும் விகிதத்தையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. 0/6-உம் 0/40-உம் விகிதத்தில் ஒரே சுழியம்தான். நம்பகத்தில் அவை ஒன்றல்ல. 2003-இல் நியூயார்க்கில் உருவாக்கப்பட்ட கணிப்பு வரைபடம் ஒன்று, வயது, பால், நோய் இருக்கும் பகுதி, திசு வகை, ஆழம் ஆகியவற்றோடு, நோய் கண்ட முடிச்சுகளையும் நோயற்ற முடிச்சுகளையும் தனித்தனியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தூய்மையான முடிச்சுகளும் சாட்சி சொல்லக் கூடியவை என்பதை ஒப்புக்கொள்வதால் அந்த அணுகுமுறை எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. அகற்றிய உறுப்பை ஆய்வகங்கள் உடனே அப்புறப்படுத்துவதில்லை. சில வாரங்களாவது பதப்படுத்தி வைத்திருப்பது வழக்கம். எஞ்சியுள்ள கொழுப்பில் மறுபடி தேடிப் பார்க்க முடியுமா என்று உங்கள் மருத்துவர் வழியாகக் கேளுங்கள். எங்களுக்கு அதில் வருத்தம் இருக்காது. மறுதேடலில் கூடுதல் முடிச்சுகள் கிடைப்பது அரிதான செய்தியல்ல. கிடைக்காவிட்டால், அறுவையில் முடிச்சு நீக்கமே குறைவாக இருந்ததா என்று அறுவை மருத்துவரின் குறிப்பைப் பார்த்து, கீமோவோடு கதிர்வீச்சும் தேவையா என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அவ்விரண்டும் சேர்ந்து பயன் தந்தன. அதில் பங்கேற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முடிச்சு நீக்கம் போதிய அளவு நடந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே அந்த முடிவைப் படிக்க வேண்டும்.

கேள்வி: பழைய மருத்துவ நூல் ஒன்றில் 6 முடிச்சுகள் வரை என்-1 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: அச்சான ஆண்டைப் பாருங்கள். 1997-க்கு முன்பு எண்ணிக்கையே கணக்கில் இல்லை; கட்டியின் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் முடிச்சா, அப்பால் இருப்பதா என்பதுதான் அளவுகோல். 1997-இல் எண்ணிக்கை வந்தது; அப்போது 1 முதல் 6 வரை என்-1. அடுத்த பதிப்புகளில் 7-ஆவது பதிப்பு அதை 1, 2 என்று குறுக்கியது. ஜப்பானியர்கள் முடிச்சுகளுக்கு இடவாரியாக எண் கொடுத்து, எந்த வரிசை முடிச்சு என்று பார்க்கும் தங்கள் முறையை 2010 வரை விடவில்லை. ஆகவே பழைய அறிக்கையில் உள்ள என்-1-ஐ இன்றைய என்-1 உடன் ஒப்பிடக் கூடாது.

கேள்வி: அறுவைக்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேனில் முடிச்சுகள் எதுவும் வீங்கவில்லை என்றார்கள். அறுவைக்குப் பின் 4 முடிச்சுகளில் நோய் என்கிறார்கள். ஸ்கேன் தவறா?

பதில்: தவறு என்று சொல்ல முடியாது. ஸ்கேன் அளவைப் பார்க்கிறது. நாங்கள் செல்லைப் பார்க்கிறோம். 4 மில்லிமீட்டர் முடிச்சுக்குள்ளும் புற்றுச் செல்கள் இருக்கலாம், 12 மில்லிமீட்டர் முடிச்சு வெறும் அழற்சியால் வீங்கியிருக்கலாம். ஆகவே அறுவைக்கு முன் சொல்லப்படும் 'என்' ஒரு மதிப்பீடு. அறுவைக்குப் பின் சொல்லப்படுவதே உறுதி. 8-ஆம் பதிப்பு இந்த இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை வைத்திருக்கிறது.

கேள்வி: முடிச்சுகள்தான் ஆபத்து என்றால், வயிற்றில் உள்ள எல்லா முடிச்சுகளையும் ஏன் எடுத்துவிடக் கூடாது?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். இரைப்பையை ஒட்டிய முடிச்சுகளை மட்டும் எடுப்பது 'டி-1' நீக்கம். கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் செல்லும் தமனிகளை ஒட்டியவற்றையும் எடுப்பது 'டி-2' நீக்கம். கட்டியின் ஆழத்தைக் குறிக்கும் 'டி'யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு எழுத்துகள். நெதர்லாந்தில் 1989 முதல் 1993 வரை 711 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, அறுவையை ஒட்டிய மரணங்கள் டி-1-இல் 4 சதவீதம், டி-2-இல் 10 சதவீதம். மண்ணீரலையும் கணையத்தின் வாற்பகுதியையும் சேர்த்து எடுத்ததே அதற்குப் பெரிய காரணம். விரிவான அறுவை வீண் என்று அப்போது பலரும் முடிவு கட்டினார்கள். ஆனால் 15 ஆண்டுகள் கழித்து அதே நோயாளிகளைத் திரும்பப் பார்த்தபோது, இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் டி-1 குழுவில் 48 சதவீதம், டி-2 குழுவில் 37 சதவீதம். மண்ணீரலைக் காப்பாற்றி, பழகிய கைகளால் செய்யப்படும் டி-2 இன்று பொதுவான அளவுகோலாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

அப்படியானால் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பெருந்தமனியைச் சுற்றியுள்ள முடிச்சுகளையும் எடுத்தால்? ஜப்பானில் 523 பேரிடம் அதையும் செய்து பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு டி-2 மட்டும் செய்தவர்களுக்கு 69.2 சதவீதம், கூடுதலாக எடுத்தவர்களுக்கு 70.3 சதவீதம், வேறுபாடு இல்லை என்றே பொருள். முடிச்சு என்பது நோயின் கோட்டையா, அல்லது நோய் கடந்து சென்றதைக் காட்டும் சுவடு மட்டுமா என்ற பழைய விவாதத்தில், இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது: அருகில் உள்ள முடிச்சுகள் ஓரளவு கோட்டையாகவும் இருக்கின்றன, தொலைவில் உள்ளவை பெரும்பாலும் சுவடுகள்தாம். சுவட்டை அழிப்பதால் நடந்து போனவர் திரும்பி வருவதில்லை.

கேள்வி: எனக்கு மிகத் தொடக்க நிலையில் கண்டுபிடித்து, வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே கட்டியை அகற்றினார்கள். முடிச்சு ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அப்படியானால் எனக்கு முடிச்சில் நோய் இல்லை என்று எப்படித் தெரியும்?

பதில்: நேரடியாகத் தெரியாது, ஆனால் உங்கள் கட்டியைப் பார்த்தே மிக உறுதியாகக் கணிக்க முடியும். நோய் உட்சவ்வோடு நின்றிருந்தால் முடிச்சில் பரவியிருக்கும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம். அதற்கடுத்த அடுக்கில் இறங்கிவிட்டால் சுமார் 20 சதவீதம். அந்த 3 சதவீதத்தையும் பிரித்துப் பார்க்க முடியும். ஜப்பானில் 5,265 பேரின் அறுவைத் திசுக்களை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உட்சவ்வோடு நின்று, செல்கள் ஒழுங்கான அமைப்பைக் கொண்டு, 3 சென்டிமீட்டருக்குள் இருந்த 1,230 கட்டிகளில் ஒன்றில்கூட முடிச்சுப் பரவல் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு முடிச்சு நீக்க அறுவை செய்தால், நோயால் வரக்கூடிய ஆபத்தைவிட அறுவையால் வரக்கூடிய ஆபத்து மிகுந்துவிடும். உங்கள் அறிக்கையில் மூன்றைப் பாருங்கள்: ஓரங்களில் நோய் இல்லை, இரத்தக் குழாயிலும் நிணநீர்க் குழாயிலும் செல்கள் புகவில்லை, ஆழம் உட்சவ்வைத் தாண்டவில்லை. இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் அறுவை பற்றி மறுபடி பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: அறுவைக்கு முன்பே என் கணவருக்கு நான்கு முறை கீமோ கொடுத்தார்கள். அறுவைக்குப் பின், கட்டியில் பாதிதான் அழிந்திருக்கிறது, ஆனால் 0/22 முடிச்சுகள் என்கிறார்கள். இதில் மகிழ்வதா, வருந்துவதா?

பதில்: மகிழலாம். அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ தரும் முறையை நிலைநாட்டிய பிரிட்டனின் 'மேஜிக்' ஆய்வில் பங்கேற்றவர்களின் திசுக்களைப் பின்னர் மறுபடி ஆராய்ந்தபோது, கட்டி எவ்வளவு கரைந்தது என்பதைவிட, முடிச்சுகளில் நோய் எஞ்சியிருக்கிறதா இல்லையா என்பதே உயிர்வாழ்வைத் தனித்து முன்னுரைத்தது. உங்கள் கணவரின் முடிச்சுகளில் தழும்புத் திசு காணப்பட்டதா என்று அறிக்கையில் தேடுங்கள். இருந்தால், அங்கே நோய் இருந்து கீமோவால் அழிந்தது என்று கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: இணையத்தில் கிடைக்கும் வழக்கமான அட்டவணையில் அவருடைய நிலையைத் தேடாதீர்கள். கீமோவுக்குப் பின் அறுவை செய்தவர்களுக்கு அட்டவணை வேறு.

கேள்வி: இடது கழுத்தெலும்புக்கு மேலே நெறி கட்டினால் வயிற்றில் புற்றுநோய் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நெறி கட்டும் காரணங்களில் பெரும்பாலானவை தொற்றுகள்தாம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட இடத்தில், வலியின்றி, கல் போல் கெட்டியாக, வாரக்கணக்கில் கரையாமல் இருக்கும் முடிச்சை அலட்சியம் செய்யக் கூடாது. வயிற்றுப் பகுதியின் நிணநீர் முழுவதையும் சுமந்து வரும் பெருங்குழாய் இடது கழுத்தடியில்தான் இரத்தத்தோடு கலக்கிறது. ருடால்ஃப் விர்ச்சோ 1848-இல் இதைக் குறிப்பிட்டதால் அந்த முடிச்சு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இரைப்பைப் புற்றுநோய் அங்கே சென்றிருந்தால் அது 'என்' கணக்கில் சேராது. தொலைப் பரவலாகக் கொள்ளப்பட்டு நான்காம் நிலையாகிவிடும். முடிவு செய்ய ஊசி மூலம் திசு எடுத்துப் பார்ப்பது போதும்.

கேள்வி: எனக்கு 3ஏ நிலையில் அறுவை நடந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. பரிசோதனைகளில் நோய் திரும்பவில்லை. இன்னமும் எனக்கு அதே 54 சதவீதம்தானா?

பதில்: இல்லை. அந்த எண் அறுவை நாளன்று வாசலில் நின்றவர்களுக்கு உரியது. இந்நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. அந்தக் காலத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். விளங்குவதற்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கு: நூறு பேரில் மூன்றாம் ஆண்டின் முடிவில் 64 பேரும், ஐந்தாம் ஆண்டின் முடிவில் 54 பேரும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டைக் கடந்தவரின் வாய்ப்பு 64-இல் 54, அதாவது 84 சதவீதம். நோய் திரும்பிய நிலையில் இருப்பவர்களும் அந்த 64-இல் அடக்கம் என்பதால், நோயின்றி இருக்கும் உங்களுக்கு அது இன்னும் கூடுதல். அறுவை நாளில் பெரிதாகத் தெரிந்த முடிச்சுக் கணக்கின் பிடியும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கிறது. ஆனால் முற்றிலும் விட்டுவிடுவதில்லை. ஐந்தாண்டுக்குப் பிறகும் சிலருக்கு நோய் திரும்புவதுண்டு. அதனால் அதுவரை உள்ள பரிசோதனைத் தவணைகளில் எதையும் தவிர்க்காதீர்கள். அதற்குப் பின் எப்படி என்பதை அப்போது உங்கள் மருத்துவரோடு பேசிக்கொள்ளலாம்.